போளூர் சித்தப்பாவுக்குப் பதினாறாம் நாள்

தை பிறந்த அன்றைக்கே குமாரசாமி தீர்மானம் செய்துவிட்டார். இந்த வருஷம் புல்லில் அடித்தே தீருவது.

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் புல்லைப் பற்றி இவ்வளவு தீவிரமாக யோசித்தால், வீட்டில் மாடு இருக்க வேண்டும், இல்லை புத்தி கெட்டிருக்க வேண்டும். குமாரசாமியிடம் மாடு இல்லை. அவரிடம் இருந்தது கோல்ஃப்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஊர் திரும்பிய மேனேஜர் ஒருவர், தூக்கிப்போக மனமில்லாத சாமான்களை ஸ்டோர்ஸில் தள்ளிவிட்டுப் போனார். ஒரு ரைஸ் குக்கர், ஒரு மேஜை விளக்கு, ஏழு மட்டைகளோடு ஒரு கிழிந்த கோல்ஃப் பை. குக்கரை கேன்டீன்காரன் கொண்டுபோனான். விளக்கை வாட்ச்மேன் கொண்டுபோனான். பையைக் கேட்க நாதியில்லை. குமாரசாமி எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று மிச்சம் வைத்ததுதான். தன் கல்யாணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவர் யோசித்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏனென்றால் அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது.

காஞ்சிபுரத்தில் கோயில் உண்டு, தறி உண்டு, கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் செவிலிமேட்டில் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் பாலாறு. உலகத்தில் மற்ற கோல்ஃப்காரர்கள் பந்து மணலில் விழுந்துவிடுமோ என்று பயப்படுவார்களாம். பாலாற்றில் அந்தப் பயமே இல்லை. மணலைத் தவிர வேறெங்கும் அது விழ முடியாது.

மழை முடிந்து, மணல் ஈரம் காயாமல் இறுகிக் கிடக்கும் தையும் மாசியும்தான் சீசன். பங்குனி வந்தால் மணல் பொடியாகி, பந்து போட்ட இடத்திலேயே புதைந்துவிடும். அந்த இரண்டு மாதத்து சனி, ஞாயிறுகளில், காலை ஆறிலிருந்து பத்து வரை, குமாரசாமியும் அவர் சிநேகிதர் வேணுகோபாலும் ஆற்றில் இருப்பார்கள். வேணுகோபால் ஒரு பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். மட்டைப் பை அவருடைய விளையாட்டுச் சாமான் அறையில்தான் பத்திரமாக இருந்தது. குமாரசாமியின் மனைவி மங்கையர்க்கரசிக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார்.

சீசனின் முதல் வாரம் அமோகம். குமாரசாமி அடித்த பந்து எண்பது கஜம் நேராகப் போய், குழிக்காகப் புதைத்திருந்த பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. வேணுகோபால் விசிலே ஊதிவிட்டார். "குமாரு, உனக்குள்ள ஒரு ஆட்டக்காரன் தூங்கிக்கினு இருக்கான்பா!"

இரண்டாவது வாரம் அந்த ஆட்டக்காரன் மறுபடி தூங்கப் போய்விட்டான். பதினோரு தடவை ஓங்கியதில் பதினோரு தடவையும் காற்றுக்குத்தான் அடி. மூன்றாவது வாரம் பந்து மேலே போனது. போன பந்து, மணல் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குள் இறங்கியது. கூப்பிடக் கூப்பிட லாரி போய்விட்டது.

"போவட்டும், வுடு. உன் பந்து உனக்கு முன்னாடி மெட்ராஸ் போயிருச்சு" என்றார் வேணுகோபால்.

குமாரசாமி மிச்சப் பந்துகளை எண்ணினார். ஸ்டோர்ஸ்காரர் புத்தி, ஒவ்வொரு பந்திலும் 'கு.சா.' என்று அழியாத மையில் எழுதி வைத்திருந்தார்.

அவர் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. மாசி மூன்றாம் ஞாயிறு கம்பெனிக்காரர்களின் கோல்ஃப் போட்டி, சென்னையில், நிஜமான புல்தரையில். நான்கு பேர் கொண்ட கோஷ்டியில் ஓர் ஆள் குறைந்தது. புது மேனேஜர் ஸ்டோர்ஸ் வாசலில் வந்து நின்று, குமாரசாமி துடைப்பக்கட்டையை வீசிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, "யூ. சண்டே. கம்" என்று தோளில் தட்டினார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரை எதற்கும் பொறுக்கி எடுத்ததில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தால், மங்கையர்க்கரசி மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினாள்.

"அண்ணன் வந்துட்டுப் போச்சு. கீர்த்திக்கு மஞ்ச நீராட்டு. மாசி மூணாம் ஞாயிறு, முசரவாக்கத்துல. அத்தை நான்தான் முதல் கொடம் ஊத்தணும். நீங்க சீர்த்தட்டு தூக்கிக்கினு முன்னாடி நடக்கணும். இன்னா முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. சந்தோஷம்."

போட்டி இருக்கிறது என்று நேராகச் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், கேரம் போட்டி என்று சொல்லி மச்சானின் நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் இருந்தார். அந்தக் கதையை முசரவாக்கத்தில் இன்றைக்கும் பந்திக்குப் பந்தி பரிமாறுகிறார்கள்.

மங்கையர்க்கரசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளுக்குப் பாவு பிணைத்துக் கொடுப்பவள் அவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். நாலாயிரம் இழையில் ஒன்று மாறினாலும் அவள் கண் போய் அங்கே நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்:

"உங்க வலது கை கறுத்துப் போயிருக்குது. இடது கை மட்டும் இன்னா இப்படி வெளுத்துக்கினு இருக்குது?"

கோல்ஃப் ஆடுகிறவன் ஒரு கையில்தான் உறை மாட்டுவான் என்பது குமாரசாமிக்குத் தெரியும். அதைச் சொல்லவா முடியும்?

"வாக்கிங் போறப்ப அந்தக் கையை பாக்கெட்ல வெச்சுக்குவேன்."

"ஒரு கையை மட்டுமா?"

"டாக்டர் சொன்னாரு."

"நாலு மணி நேரம் வாக்கிங், ஒரு கை பாக்கெட்ல. நல்ல டாக்டருதான்" என்று ரசம் ஊற்றினாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தது குமாரசாமியின் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, போளூர் சித்தப்பாவைச் சாகடித்தது.

கந்தன் சித்தப்பா அவர் அப்பாவின் கடைசித் தம்பி. போளூரில் தனியாக இருந்தார். பெண்டாட்டி போய்ப் பல வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது. இவர்கள் வீட்டுக்கு அவர் வந்தே பத்து வருஷமாகிறது. செத்தார் என்று சொன்னால் இல்லை என்று சொல்ல யார் வரப்போகிறார்கள்? பங்காளிச் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக்காரன் சீர்த்தட்டைத் தொட முடியாது. குமாரசாமி காலண்டரை எடுத்து எண்ணினார். சனிக்கிழமை செத்தால், போட்டி நடக்கும் ஞாயிறு சரியாகப் பதினாறாம் நாள். காரியத்துக்குப் போளூர் போகிறேன் என்று விடியற்காலையே கிளம்பிவிடலாம். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. சித்தப்பா சனிக்கிழமையே செத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மங்கை, போளூர் சித்தப்பா போய்ட்டாரு."

"எங்க?"

"எங்கன்னா? மேலதான்."

அவள் கையிலிருந்த முறம் கீழே வந்தது. "எப்போ?"

"சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரரு இன்னிக்குத்தான் ஆபீசுக்கு ஃபோன் பண்ணாரு."

"கொள்ளி யாரு வெச்சது?"

குமாரசாமி இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. "அவரு மச்சான் புள்ள."

"மச்சான் புள்ளயா? ஏங்க, புள்ள இல்லாத மனுஷன். கூடப் பொறந்த அண்ணன் மவன் நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, மச்சான் புள்ள வெச்சானா? நீங்கதானே கர்மம் பண்ணணும்!"

"தகவல் லேட்டா வந்துச்சுடி. ஆனது ஆச்சு. எனக்குப் பதினாறு நாள் தீட்டு. முசரவாக்கத்துக்கு நான் வரமுடியாது. நீ போய் ஜாம்ஜாம்னு நடத்திட்டு வா."

அவள் முறத்தைப் பொறுக்கி எடுத்தாள்.

"தீட்டு உங்களுக்கு மட்டும்தானா?"

"பின்ன?"

"தாலி கட்டினப்புறம் நான் உங்க வமிசம். உங்களுக்குத் தீட்டுன்னா எனக்கும் தீட்டு. பொண்ணுக்கு மஞ்ச தண்ணி ஊத்தற கையா இது இப்போ?"

குமாரசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்து மூன்று வருஷமாக அவளை முசரவாக்கத்துக்காரியாகவே நினைத்துப் பழகிவிட்டார். அவள் தன் வம்சம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கீர்த்தி பொறந்தப்ப முதல்ல சக்கரைத் தண்ணி வெச்சது நான்தான்" என்றாள்.

அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். ஃபோனில் தப்பாகக் கேட்டுவிட்டது என்றாவது மழுப்பியிருக்கலாம். அவர் மனசு அடித்துக்கொண்டது நிஜம். ஆனால் தோளில் தட்டிய கை நினைவுக்கு வந்தது. புல் நினைவுக்கு வந்தது. குமாரசாமி வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தீட்டு ஆரம்பமாயிற்று. அவளுக்கு அது சாதாரணத் தீட்டாக இல்லை. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், முன்னறையில் தனிப் பாய். மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது, சவரம் கிடையாது. சனிக்கிழமை காலை அவர் ஷூ மாட்டும்போது வாசலை மறித்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வாக்கிங்."

"தீட்டுக்காரங்க வாக்கிங் போயி எங்கனா கேட்டிருக்கீங்களா? எதிர்ல வர்றவங்களுக்கு ஆவுமா?"

"ஆபீசுக்கு மட்டும் போறேனே?"

"ஆபீஸ் வேற. சம்பளம் தர்றவங்களுக்குத் தீட்டு ஒட்டாது."

இந்தச் சாஸ்திரத்தை அவள் எங்கே படித்தாளோ தெரியாது. போட்டிக்கு முந்தைய வாரப் பயிற்சி அதோடு போயிற்று. குமாரசாமி குளியலறையில் தண்ணீர் மொள்ளும் சொம்பை வீசிப் பழகினார். குழாய் உடைந்தது. அதைச் சரிசெய்யவும் தீட்டு முடிய வேண்டும் என்றாள்.

இடையில் ஒரு நாள் தபாலில் இன்லண்ட் லெட்டர் ஒன்று வந்தது. மங்கையர்க்கரசி அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். "யாரு?" என்றார். "ஊர்லேர்ந்து. எல்லாரும் சௌக்கியமாம்" என்று பருப்பு டப்பாவின் அடியில் வைத்தாள்.

பதினாறாம் நாள் விடிந்தது. குமாரசாமி எழுந்து வந்தால், கொல்லையில் முக்காலி போட்டு, பக்கத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"கொள்ளிதான் எவனோ வெச்சான். மொட்டையாவது நீங்க போடணும்ல? அவருக்கு வேற யாரு இருக்காங்க?"

"அங்க போளூர்ல போட்டுக்கறேன்."

"வழியில பஸ் கெட்டுப் போச்சுன்னா? ஒக்காருங்க."

அவர் மணியைப் பார்த்தார். ஆறேகாலுக்குப் பாலாற்றுப் பாலம் அருகே வேணுகோபால் பையோடு நிற்பார். ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். வாதாட நேரம் இல்லை. முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் முடி போயிற்று. அப்புறம் மீசை போயிற்று. அது கல்லூரி நாளிலிருந்து கூட இருந்த மீசை. முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், யாரோ தப்பு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"போய்ட்டு வாங்க. நான் வீட்டோட கெடக்கறேன்" என்று அவள் கதவைச் சாத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு உறுத்தியது. பாலம் வரைக்கும் உறுத்தியது. வேணுகோபாலையும் பையையும் பார்த்ததும் நின்றுவிட்டது.

"யார்யா நீ?" என்றார் வேணுகோபால்.

"நான்தான்யா. அப்புறம் சொல்றேன். வா."

சென்னையில் அந்தப் புல்தரையைப் பார்த்ததும் குமாரசாமி நடையை நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அதன்மேல் பனி ஈரம். ஒரு கல் இல்லை, ஒரு லாரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாமா என்றிருந்தது. பைக்குள் கையை விட்டு உறையை எடுத்து இடது கையில் மாட்டி, ஒரு மட்டையை உருவினார்.

அப்போது மேனேஜர் வந்தார். கூடவே கம்பெனியின் பர்சனல் ஆபீசர் ஹர்ஷவர்தன் வந்தான். மேனேஜர் குமாரசாமியின் மொட்டையைப் பார்த்தார். இரண்டு கையையும் தொடையில் ஒட்டிக்கொண்டு இடுப்புவரை குனிந்தார். நிமிர்ந்து, அவர் கையிலிருந்த மட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"உங்க வைஃப் நேத்து ஃபோன் பண்ணாங்க சார்" என்றான் ஹர்ஷவர்தன். "சித்தப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாராமே? நீங்கதான் புள்ள ஸ்தானமாமே? சார் ரொம்ப ஃபீல் பண்றாரு. துக்கத்துல இருக்கறவரை வெளையாட விட்டா அது பெரிய மரியாதைக் கேடுன்னு சொல்றாரு. நீங்க வரமாட்டீங்கன்னுதான் நெனச்சோம். கடமைன்னு வந்து நின்னீங்க பாருங்க, சாருக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"அதெல்லாம் பரவாயில்ல தம்பி. நான் ஆடறேன். சித்தப்பா அப்படி ஒண்ணும்…"

"அப்படி ஒண்ணும்?"

சாகவில்லை என்று சொன்னால் மொட்டைக்குக் காரணம் சொல்ல வேண்டும். குமாரசாமி வாயை மூடிக்கொண்டார். பதினாறு நாளில் இது இரண்டாவது தடவை.

"ஒரு ஆள் குறையுதே" என்று ஹர்ஷவர்தன் சுற்றிலும் பார்த்தான். பையைச் சுமந்துகொண்டு நின்ற வேணுகோபால் மேல் கண் போயிற்று. "நீங்க ஆடுவீங்களா சார்?"

வேணுகோபால் சிநேகிதரைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். மறுபடி சிநேகிதரைப் பார்க்கவில்லை.

"குமாரு, தப்பா நெனச்சுக்காதப்பா. இவ்ளோ தூரம் தூக்கியாந்த பை வீணாப் போவக்கூடாது. அந்தக் கையுறையைக் கொஞ்சம் கழட்டிக் குடேன்."

கழற்றிக் கொடுத்தார். வேணுகோபாலின் முதல் அடியே பச்சைக்கு மேலே நேராகப் பறந்து போய் இறங்கியது. பந்தில் எழுதியிருந்த 'கு.சா.' வெயிலில் ஒரு கணம் தெரிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். குமாரசாமியும் தட்டினார். இனி ஆயுசுக்கும் அந்தப் புல்லில் கால் வைக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் பிடித்தார்.

வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டோடு கிடக்கிறேன் என்றவளைக் காணோம். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. அரக்குப் பட்டுப்புடவையும், தலை நிறையப் பூவும், இரண்டு கையிலும் மஞ்சளுமாக மங்கையர்க்கரசி இறங்கினாள். அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, குடையோடும் மஞ்சள் பையோடும் பின்னாலேயே ஒரு கிழவர் இறங்கினார்.

போளூர் சித்தப்பா.

குமாரசாமி எழுந்ததில் தலைத் துண்டு நழுவியது. கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "குமாரசாமியா? அடப் பாவமே. மொட்ட அடிச்சுக்கினு இருக்கியே, யாருப்பா போய்ட்டாங்க?"

மங்கையர்க்கரசிதான் பதில் சொன்னாள்.

"யாரும் போவல மாமா. நீங்க நூறு வருஷம் இருக்கணும்னு திருத்தணிக்கு வேண்டிக்கினாரு. அதான் முடி குடுத்துட்டாரு."

கிழவர் அப்படியே நின்றுவிட்டார். குடை கீழே விழுந்தது. "எனக்கா? எனக்காவா?" என்று அவர் மொட்டையைத் தடவினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "பெத்த புள்ள கூட இப்படிச் செய்யமாட்டாம்மா. மஞ்ச நீராட்டுக்கு நீ கூப்பிட்டப்ப ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். இனிமே நான் எதுக்குப் போளூர் போவணும்? என் கட்டை இங்கயே வேவட்டும்!"

அவரை முன்னறையில், குமாரசாமியின் தீட்டுப் பாயிலேயே உட்காரவைத்து, அவள் சமையலறைக்குள் போனாள். குமாரசாமி பின்னாலேயே போனார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் பருப்பு டப்பாவை நகர்த்தினாள். அடியில் இன்லண்ட் லெட்டர். டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து மேடைமேல் வைத்தாள். 'கு.சா.'

"எதுத்த வீட்டுக்காரங்க வீடு கட்ட மணல் கொட்டினாங்கல்ல? அதுல கெடந்துச்சு. நேத்து ஆபீசுக்கு ஃபோன் பண்ணப்பதான் இன்னிக்குப் போட்டின்னு தெரிஞ்சுது. லெட்டரு, சாவைப் பத்தி மூச்சுவிடாம, சௌக்கியமான்னு மட்டும் கேட்டுப் போளூருக்கு நான் போட்டதுக்குப் பதிலு. செத்தவரே எழுதியிருக்காரு."

"தெரிஞ்சுமா மொட்ட அடிக்க வெச்சே?"

"செத்துட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. கட்டின புருஷன் சொன்னா நம்ப வேணாமா?" அதுவரை சாதாரணமாக இருந்த அவள் குரல் கம்மியது. "பந்து ஆடணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணன் கிட்ட நான் சமாளிச்சிருப்பேன். கேரத்துக்குக் கூட இத்தினி வருஷமா நான்தான் சமாளிச்சுக்கினு இருக்கேன். ஆனா நான் அழுதப்ப பாத்துக்கினு நின்னீங்க பாருங்க, அதுக்குத்தான்."

குமாரசாமி பந்தை எடுக்கக் கையை நீட்டினார். அவள் அதை மறுபடி பருப்புக்குள் போட்டு மூடினாள்.

முன்னறையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "குமாரசாமி, ஆத்துப் பக்கம் காத்து நல்லா இருக்குமாமே? காலைல என்னைக் கொஞ்சம் நடக்கக் கூட்டிக்கினு போப்பா."

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கூட்டிக்கினு போவாரு மாமா. ஆறுலேர்ந்து பத்து வரைக்கும்" என்று உரக்கச் சொன்ன மங்கையர்க்கரசி, குரலைத் தாழ்த்தி இவர் பக்கம் திரும்பினாள். "வயசானவரு, கையைப் புடிச்சுக்கினே போங்க. கறுத்த கையிலயா, வெளுத்த கையிலயான்னு உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க."